ஒரு சொட்டுக்கு இரண்டு கதவு

"அப்பா, மாடி வீட்டுத் தண்ணி நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டா, அது யாரோட தண்ணி?"

கேட்டவளுக்கு அப்போதுதான் பால்பல் ஆடத் தொடங்கியிருந்தது. பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேல்தளத்தில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இஸ்திரிக்காரர். சட்டைக் காலரில் எத்தனை விதமான பிடிவாதம் உண்டு என்று சொல்லத் தெரிந்தவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

"பேசாம தள்ளிப் படு. மூக்கு மேல விழப்போகுது" என்றார்.

இதே கேள்விக்கு விடை காண்பதற்காகவே குடியிருப்புப் பராமரிப்பு வாரியத்தில் இரண்டு பிரிவுகளும், இரண்டு அதிகாரிகளும், அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு நீண்ட நடைக்கூடமும் இருப்பது அன்றைக்கு அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளையின் அறிவை மெச்சியிருப்பார்.

வாரியக் குடியிருப்பில் கீழ்த்தள வீடு அவருடையது. முன்னறைதான் தொழிற்சாலை. பழைய கம்பளி விரித்த நீள மேசை, கரிப்பெட்டி, தண்ணீர் தெளிக்க ஒரு சொம்பு, சுவரோரம் மூட்டை மூட்டையாய்த் துணி. சொட்டு விழுந்தது மேசைக்கு நேர் மேலே. மேசையை நகர்த்தினார். மறுநாள் சொட்டும் நகர்ந்தது. வெறும் தண்ணீராக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். துருப்பிடித்த கம்பியைக் குளிப்பாட்டிவிட்டு வரும் தண்ணீர். விழுந்த இடத்தில் காவி நிறத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகும்.

அந்த நேரம் பார்த்து இது வந்ததுதான் வேதனை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மாள், செவிலியரின் வெள்ளை உடுப்புகளை வெளியே தேய்க்கக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். "வேலை நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன். மாசக் கடைசில வந்து இடத்தைப் பார்க்கிறேன். ஒரு கறை படற இடமா இருந்தாக்கூட கொடுக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் இஸ்திரிக்காரரின் மனைவி, அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனிக்கு மாலை வேலைக்குப் போக வேண்டியிருக்காது. மகள் தூங்கிய பிறகு வந்து, அவள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் படுக்கும் பிழைப்பு முடிந்துபோகும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"நாமளே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து சரி பண்ணிடலாமேங்க" என்றாள் மனைவி.

"வாரியத்துக் குழாயை வாரியத்தைச் சேராத கை தொடக்கூடாதாம். தொட்டா வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"அப்ப வாரியத்துக் கையைக் கூட்டிட்டு வாங்க."

போனார்.

வாரிய அலுவலகத்தில் நடைக்கூடத்தின் இடது கோடியில் ஒரு கதவு, வலது கோடியில் ஒரு கதவு. இடது கதவின் மேல் 'கசிவுப் பிரிவு' என்று எழுதியிருந்தது. வலது கதவின் மேலும் 'கசிவுப் பிரிவு' என்றே எழுதியிருந்தது. அதற்கு மேல் ஆங்கிலத்தில் மட்டும் ஒன்று லீக்கேஜ், மற்றது சீப்பேஜ். வாரியத்தின் விதிகளை எந்தக் காலத்திலோ ஆங்கிலத்தில் எழுதியவர் இந்த இரண்டு வார்த்தையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பலகைக்குத் தமிழ் எழுத வந்த ஓவியருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. அவரை அதற்குப் பிறகு வாரியம் வேலைக்குக் கூப்பிடவில்லை.

இரண்டு கதவுக்கும் நடுவில், மாடிப்படியின் கீழே, வாரியத்தின் குழாய்க்காரர் மடியில் கருவிப் பையுடன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வீட்ல ஒழுகுது. வந்து பார்க்கிறீங்களா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"ஆசைதான் தம்பி. எனக்கு உத்தரவு வரணும். இடப்பக்கத்திலேருந்து வந்தாலும் சரி, வலப்பக்கத்திலேருந்து வந்தாலும் சரி."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

குழாய்க்காரர் வெகுநேரம் யோசித்தார். "அப்ப எனக்கு மீசை கறுப்பு" என்றார்.

இஸ்திரிக்காரர் இடது கதவுக்குள் போனார். லீக்கேஜ் அதிகாரி பருத்த, இனிமையான மனிதர். நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

"தண்ணி உங்க வீட்டுக்குள்ள வருதா, உங்க வீட்டிலேருந்து வெளியே போகுதா?"

"உள்ள வருதுங்க சார்."

"அப்ப நீங்க தப்பான கதவுல வந்திருக்கீங்க. லீக்கேஜ்னா வெளியே போறது. போகக் கூடாத இடத்துக்கு ஒரு பொருள் போயிடுச்சுன்னா, அதை இழந்தவங்க வந்து எங்ககிட்ட அழணும். நீங்க இழக்கலை. வாங்கிக்கிட்டிருக்கீங்க. வாங்குறவர் அழுதா எப்படி?"

"வேண்டாம்னுதான் சார் வந்திருக்கேன்."

"வேண்டாம்ங்கிறது உங்க மனநிலை. நாங்க மனநிலையைப் பார்க்கிறதில்லை, திசையைத்தான் பார்க்கிறோம்."

நடைக்கூடம் முழுவதும் நடந்து வலது கதவுக்குப் போனார். சீப்பேஜ் அதிகாரி ஒல்லியானவர். படித்தவர்களுக்கே உரிய சோகம் முகத்தில் இருந்தது.

"உள்ள வருது. சரி. எங்கேருந்து வருது?"

"மாடி வீட்டுக் குளியலறைக் குழாயிலேருந்துங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "குழாயா? சீப்பேஜ்ங்கிறது இயற்கைப்பா. மழை, மண், பாறை. தண்ணி தானா மெல்ல மெல்ல ஊறி, பொறுமையா வரும். அதுல ஒரு அடக்கம் இருக்கும். உங்களது குழாயை உடைச்சுக்கிட்டு வர்ற தண்ணி. அதோட வளர்ப்பே வேற. இந்தத் தண்ணியை நான் எடுத்துக்கிட்டேன்னா, அந்தப் பக்கத்துக்காரர் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

"எந்தத் தண்ணியா இருந்தாலும் நனையிறது என் துணிதானே சார்?"

"துணிக்கு என்ன தெரியும்" என்றார் அவர், வருத்தத்துடன்.

மாடி வீட்டில் இருந்தவர் பஸ் கண்டக்டர். பேருந்தில் 'ரைட், ரைட்' என்று சொல்லிச் சொல்லிப் பேச்சிலும் அதுவே ஒட்டிக்கொண்டதால் குடியிருப்பு முழுவதற்கும் அவர் ரைட்டக்கா. கணவர் இல்லை. படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியாருடன் இருந்தார். மாமியாருக்கு இடுப்புக்குக் கீழேதான் முடியாமல் போயிருந்தது. நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் ரைட்டக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"என் வீட்டுத் தண்ணியா உன் தலையில ஊத்துது? முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா? இழந்தவ நான்தானே? நான் வந்து அழறேன். கிளம்பு. ரைட்."

விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, இடது கதவில் நின்று, தண்ணீரை இழந்தவர் தாமே என்று லீக்கேஜ் அதிகாரியிடம் சொன்னார்.

"நல்லதும்மா. உங்களுக்கு இதனால என்ன கஷ்டம்?"

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை சார். கீழ்வீட்டுத் தம்பிக்குத்தான் கஷ்டம். அவர் பிழைப்பு போகுது."

"உங்களுக்குக் கஷ்டம் இல்லை. இன்னொருத்தர் கஷ்டத்துக்காக நீங்க வந்திருக்கீங்க." அதிகாரி பேனாவை மூடினார். "அம்மா, இதுக்குப் பேர் பரோபகாரம். பரோபகாரத்துக்கு இங்கே பிரிவு கிடையாது."

"பிரிவு கிடையாதுன்னா அது இருக்கக் கூடாதா சார்?"

"இருக்கலாம். ஆனா அதுல நாங்க கையெழுத்துப் போட முடியாது."

வெளியே வந்து ரைட்டக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "பஸ்ஸுல ஒருத்தர் மயங்கி விழுந்தா டிக்கெட் எடுத்தாரா இல்லையான்னா பார்ப்போம்?" என்றார். இஸ்திரிக்காரருக்கு அன்று மனது கொஞ்சம் லேசானது. வேலை நடக்கவில்லை, ஆனால் தனக்காக ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நின்றார் அல்லவா? மனிதருக்குக் கடவுள் அனுப்பும் தபால் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரர் கையில்தான் வருகிறது.

ஒரே வீட்டுக்காக இரண்டு கதவையும் தட்டிய செய்தி வாரிய இயக்குநர் காதுக்கு எட்டியது. அவர் நெகிழ்ந்துபோனார். இரண்டு பிரிவுக்கும் இடையே இப்படி ஒரு தூய்மையான சந்தேகம் எழுந்து நாளாகிவிட்டிருந்தது. உடனே ஒரு பெயர் நிர்ணயக் குழு அமைத்தார். இரண்டு அதிகாரிகளோடும் குழு வந்தது. ஏணி வைத்து ஏறி, சொட்டு விழும் இடத்தைச் சுற்றி மேல்தளத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டது. வட்டத்துக்குள் முத்திரை குத்தியது. 'பெயர் முடிவாகும் வரை உள்ளது உள்ளபடி இருக்கட்டும்' என்று கதவில் ஒட்டியது. மாடி வீட்டில் தண்ணீரை வழக்கம்போலத் தாராளமாகப் புழங்க வேண்டும் என்றும், சிக்கனம் பிடித்துச் சொட்டின் இயல்பைக் கெடுக்கக் கூடாது என்றும் ரைட்டக்காவிடம் சொல்லிவிட்டுப் போனது.

போகிற போக்கில் குழுவில் ஒருவர் மேசையையும் சொம்பையும் பார்த்தார். "இது என்ன?"

"தேய்க்கிறதுக்கு முன்னாடி துணி மேல தண்ணி தெளிப்பேன் சார்."

"அட, நீங்களே தெளிக்கிறீங்களே. இப்ப வாரியம் தெளிக்குது. அதுவும் இலவசமா. உங்க நஷ்டம் எங்க இருக்குன்னு எனக்குப் பிடிபடலையே" என்றார். அந்த நேரத்தில் ஒரு சொட்டு சூடான கரிப்பெட்டியின் மேல் விழுந்து 'சுர்' என்றது. அவர் அதையும் குறித்துக்கொண்டார். "சத்தம் எழுப்புகிறது. சீப்பேஜ் சத்தம் போடாது" என்று லீக்கேஜ் அதிகாரியின் காதில் விழும்படி சொன்னார்.

"பெட்டிதான் சத்தம் போட்டுச்சு, தண்ணி போடலை" என்றார் லீக்கேஜ் அதிகாரி.

அடுத்தது கருத்தரங்கம். இஸ்திரிக்காரருக்கு 'பயனாளி' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மேடையின் இடது பக்கம் லீக்கேஜ்காரர்கள், வலது பக்கம் சீப்பேஜ்காரர்கள், நடுவில் இயக்குநர். ஒரு நிபுணர் வந்து, அழுகையில் கண்ணீர் வருவது லீக்கேஜ், வியர்வை வருவது சீப்பேஜ் என்று விளக்கினார். வலது பக்கத்தார் கை தட்டினார்கள். இடது பக்கத்தார், வியர்வையும் வெளியேதானே போகிறது என்றார்கள். டீ ஆறிப்போனது.

கடைசியில் இயக்குநர் எழுந்தார்.

"நண்பர்களே, ஒரு குழாயை யார் வேண்டுமானாலும் சரி செய்துவிடலாம். தெருவில் போகிறவர்கூடச் செய்துவிடுவார். ஒரு சொல்லைச் சரியாகப் பிடிக்க நம்மால் மட்டும்தான் முடியும். பெருமையோடு சொல்கிறேன்: நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒரு லீக்கேஜ்கூட சீப்பேஜாகக் கருதப்பட்டு அவமானப்பட்டதில்லை. ஒரு சீப்பேஜ்கூட லீக்கேஜின் வரிசையில் நின்றதில்லை. நம்மிடம் வந்த புகார்கள் தேங்கிக் கிடப்பதாக வெளியே பேசுகிறார்கள். உண்மை அதுவல்ல. அவற்றில் பெரும்பாலானவை, புகார் கொடுத்தவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதால், வெற்றிகரமாக முடிந்துவிட்டன. பொறுமை வேண்டும். தண்ணீர் இன்று வரும், நாளை போகும். வரையறை நிலைத்து நிற்கும்."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இஸ்திரிக்காரரும் தட்டினார். தட்டாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் ஒன்று. கழுத்தில் அட்டை வேறு மாட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஒரு வெள்ளைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். முதுகில் காவிக் கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

"பிளாஸ்டிக் விரிச்சுத்தான் வச்சிருந்தேன். ஓரமா வழிஞ்சு வந்திருக்கு" என்றாள். "இப்ப என்னங்க பண்றது? ஆஸ்பத்திரி அம்மா அடுத்த வாரம் வர்றாங்களே. ஒரு வட்டம் போட்டு முத்திரை வேற குத்தி வச்சிருக்காங்க. வேற எதையும் பார்க்காட்டியும் அதைப் பார்த்துடுவாங்க."

"வெள்ளையடிச்சிடவா?"

"ஈரத்து மேலயா?"

அப்போது வேலை முடிந்து படியேற வந்த ரைட்டக்கா நின்றார். சட்டையைப் பார்த்தார். கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அந்தம்மா என்னைக்கு வருது?" என்று மட்டும் கேட்டார். சொன்னார்கள். "ரைட்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

மறுநாள் சொட்டு குறைந்தது. அதற்கடுத்த நாள் நின்றது. ஈரம் மெல்ல மெல்லச் சுருங்கி, வட்டத்தின் நடுவில் ஒரு பழுப்புத் தழும்பாகி, காய்ந்தது. இஸ்திரிக்காரர் ஏணி வைத்து ஏறி உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. இறங்கியதும் கை கூப்பினார். பெயர் தெரியாமலே வேலை செய்கிறவர் கடவுள் ஒருவர்தானே என்று மனைவியிடம் சொன்னார். அவளும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். இரவோடு இரவாக முத்திரையின் மேலேயே வெள்ளையடித்தார்கள்.

ஆஸ்பத்திரி அம்மாள் வந்தார். சுவரில் விரல் வைத்துப் பார்த்தார். மேசைக் கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். அண்ணாந்தும் பார்த்தார்.

"சுத்தமா வச்சிருக்கீங்க. திங்கட்கிழமை மூட்டை வரும். ஒரே ஒரு பேச்சு. ஒரு உடுப்புல கறை வந்தாலும் மூட்டை நின்னுடும்" என்றார்.

திங்கட்கிழமை மூட்டை வந்தது. அறை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அன்று மாலை அம்மா வீட்டில் இருந்தாள் என்று மகள் குடியிருப்பு முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள்.

சொட்டு நின்ற செய்தி வாரியத்துக்கு எட்டக் கொஞ்சம் தாமதமாயிற்று. எட்டியதும் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "நாம் தொடவே இல்லையே?" என்று கேட்டார். தொடவில்லை என்று இரண்டு பிரிவும் சத்தியம் செய்தன. "அப்படியானால் வரையறையின் வலிமையால் மட்டுமே நின்றிருக்கிறது" என்றார் அவர். குரல் தழுதழுத்தது. இதை விழாவாகக் கொண்டாட வேண்டும் என்று முடிவாயிற்று.

புகைப்படக்காரருடன் வந்தார்கள். இஸ்திரிக்காரரின் முன்னறையில் இடம் போதவில்லை. வெள்ளை உடுப்பு மூட்டைகளை அவர் அவசர அவசரமாக உள்ளறைக்குத் தள்ளினார். லீக்கேஜ் அதிகாரியும் சீப்பேஜ் அதிகாரியும் மேசையின் இரு பக்கமும் நின்று, முன்பு வட்டம் இருந்த இடத்தைச் சுட்டிக்காட்டியபடி படத்துக்கு முகம் கொடுத்தார்கள். முக்காலியோடு சேர்த்துக் குழாய்க்காரரையும் கூட்டி வந்திருந்தார்கள், காட்சிக்காக. இயக்குநர் மட்டும், மாடி வீட்டுக் குழாயைத் தன் கையால் திறந்து, தண்ணீர் கீழே போகவில்லை என்று நிரூபிக்க விரும்பினார். வழி காட்ட இஸ்திரிக்காரரும் படம் எடுக்கப் புகைப்படக்காரரும் கூடப் போனார்கள்.

ரைட்டக்கா வேலைக்குப் போயிருந்தார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே கட்டிலில் இருந்த மாமியார் தலையைத் திருப்பினார்.

"யாருப்பா அது, ஊர்வலமா வர்றீங்க?"

"வாரியம் அம்மா. குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கணும்."

"திறக்காதீங்க. அவ கட்டி வச்சிருக்கா."

கட்டித்தான் வைத்திருந்தது. குழாயின் கழுத்தில் பழைய சீருடைத் துணியை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. குளியலறைத் தரை முற்றிலும் உலர்ந்து கிடந்தது. நடையில் வரிசையாக வாளிகள், குடங்கள். இஸ்திரிக்காரர் அந்த வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது எதுக்கும்மா கட்டி வச்சிருக்காங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"எதுக்கா? நீதானே கீழ்வீட்டுக்காரன்? உனக்கு வெள்ளைத்துணி வேலை கொடுக்க இடம் பார்க்க ஆள் வருதுன்னு இதை மூடிப்புட்டா. விடியறதுக்கு முந்தி என் துணி, விரிப்பு எல்லாத்தையும் வாரிக்கிட்டு முற்றத்துக் குழாய்க்கு இறங்குறா. துவைச்சுத் தூக்கிட்டு மூணு மாடி ஏறி மொட்டைமாடியில உலர்த்திட்டு, எனக்குக் குடிக்கக் குளிக்கத் தண்ணி சுமந்து வச்சிட்டு, அதுக்கப்புறம் பஸ்ஸுக்கு ஓடுறா. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னா. எனக்கு வாய் நிக்காது, சொல்லிட்டேன்." கிழவி முதுகை நெளித்தார். "இருக்கிற அவசரத்துல விரிப்பை உதறக்கூட நேரமில்லை அவளுக்கு. பிழிஞ்ச சுருக்கம் அப்படியே இருக்கு. ஒவ்வொரு மடிப்பும் முதுகைத் தின்னுது. யார்கிட்டச் சொல்றது."

இயக்குநர் இதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்தது. புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குழாயை முழுவதும் திறந்தார். நாள் கணக்கில் அடங்கிக் கிடந்த தண்ணீர் அதன் ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தது. படம் எடுத்து முடிக்கும்வரை அவர் மூடவில்லை.

கீழேயிருந்து ஒரு அலறல் கேட்டது. பிறகு இரண்டாவது அலறல்.

இஸ்திரிக்காரர் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். லீக்கேஜ் அதிகாரியின் தலையிலும் சீப்பேஜ் அதிகாரியின் தலையிலும் பாரபட்சம் இல்லாமல் காவித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது லீக்கேஜ்" என்றார் சீப்பேஜ் அதிகாரி, சட்டையைப் பிழிந்துகொண்டு.

"உள்ள வருது பாருங்க, இது சீப்பேஜ்" என்றார் லீக்கேஜ் அதிகாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பின்னாலேயே இறங்கி வந்த இயக்குநர், பேச்சுக்குத் தயாராகி, நடுவில் வந்து நின்றார். நின்ற இடம் சரியில்லை. அதுவரை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்த தண்ணீர், அந்த நொடியில் அழிந்த முத்திரையின் மையும் வெள்ளையுமாக அவருடைய வழுக்கையில் இறங்கியது.

"நிறுத்துங்க இதை" என்றார் இயக்குநர்.

"எந்தப் பிரிவு சார்?" என்று இருவரும் கேட்டார்கள்.

"யாராவது நிறுத்துங்கய்யா."

குழாய்க்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். "இடமா, வலமா சார்?" என்று பணிவோடு கேட்டார்.

"மேலே" என்றார் இயக்குநர்.

அதுதான் உத்தரவு. குழாய்க்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இளந்தாரி போல மாடியேறினார். உளுத்துப்போன ஒரு இணைப்பு வளையத்தைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினார். விரிசலைப் பூசினார். கீழே இயக்குநர் தலை துவட்டி முடிக்கும் முன் வேலை முடிந்துவிட்டது. அவர் மீசையைத் தடவிக்கொண்டே இறங்கி வந்த அழகைப் பார்த்துக் குடியிருப்பே சிரித்தது.

அந்தப் பழுது எந்தப் பிரிவின் கணக்கில் எழுதப்பட்டது என்று பின்னர் விசாரித்தார்கள். இரண்டிலும் இல்லை. மேலதிகாரியின் தலையில் விழும் தண்ணீருக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

மாலையில் ரைட்டக்கா வந்தபோது இஸ்திரிக்காரரும் மனைவியும் படியருகே காத்திருந்தார்கள்.

"அக்கா, நீங்க இப்படி..." என்று அவர் ஆரம்பித்தார்.

"கிழவி வாயைத் திறந்துடுச்சா?" என்றார் ரைட்டக்கா. "அதை விடு. காலையில கீழே இறங்குறது எனக்கு நல்ல நடை. தொந்தி கொஞ்சம் குறைஞ்சுது. குழாய் சரியாச்சில்ல? ரைட்." பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டார். நன்றி வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. சில்லறை கொடுத்துத்தான் பழக்கம்.

மறுநாள் நடுப்பகல். மனைவி கடைவீதிக்குப் போயிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இஸ்திரிக்காரர் மொட்டைமாடிக்கு ஏறினார். கொடியில் மாமியாரின் விரிப்புகள் முறுக்கிப் பிழிந்த தடங்களோடு காய்ந்து விறைத்திருந்தன. எந்தக் கவ்வி எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு அவற்றை எடுத்து வந்தார். கரிப்பெட்டியின் அடியைத் துணியால் இருமுறை துடைத்தார். கஞ்சி போடவில்லை; படுத்திருப்பவர் தோலுக்குக் கஞ்சி முள். ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, தையல் மடிப்பு ஒவ்வொன்றையும் படிய வைத்து, செவிலியர் உடுப்பைவிடப் பொறுமையாகத் தேய்த்தார். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் நீளமாகத் தடவிப் பார்த்தார். முதுகுக்குக் கண் இல்லையல்லவா, அதனால். ஒரு இடத்தில் ஒரு சிறு வரி தட்டுப்பட்டது. மறுபடியும் தேய்த்தார். மடிக்காமல் அப்படியே மேலே கொண்டு போய், அதே கொடியில், அதே கவ்விகளை அதே முனைகளில் மாட்டினார்.

அன்று மாலை மேல்தளத்தின் வழியே குரல் மட்டும் கீழே வந்தது.

"இன்னைக்குத்தான்டி நீ ஒழுங்கா உதறி உலர்த்தியிருக்கே."

"எப்பவும் போலத்தான் அத்தை உலர்த்தினேன்."

"இல்லை இல்லை. நான் என்ன முதுகில்லாதவளா? நீ நல்லவதான். எப்பவாச்சும் சொல்லணும்ல, சொல்லிட்டேன்."

பிறகு ரைட்டக்கா, "சரி, திரும்பிப் படுங்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"என்னங்க, அவங்க மாமியார் அவங்களைப் பாராட்டுறாங்க. உலகம் அழியப்போகுதா?" என்றாள் மனைவி.

"அப்படியா" என்றார் இஸ்திரிக்காரர், ஒரு வெள்ளைக் காலரைத் திருப்பிப் போட்டபடி.

அடுத்த நாள் மனைவி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் படியேறினார். கொடியில் விரிப்பு காய்ந்திருந்தது. வெயிலைத் தவிர மாடியில் யாரும் இல்லை.